எலிக்குப் பித்தம் வேற சார்!

வாரத்துக்கு ஒரு தடவையாவது கண்ணில் படுகிற செய்தி இது. தொப்பையைக் கரைக்க மருந்து ரெடி, எலிகளிடம் சோதனை வெற்றி! அடுத்த வாரம் கொலஸ்ட்ராலுக்கு. அதற்கடுத்த வாரம் சர்க்கரைக்கு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்த உலகத்திலேயே ஆரோக்கியமான ஜீவன் ஆராய்ச்சிக்கூடத்து எலிதான். அதற்குச் சர்க்கரை போச்சு, பி.பி. போச்சு, வழுக்கையில் முடிகூட முளைச்சாச்சு. மாசக் கடைசியில் மெடிக்கல் ஷாப் வாசலில் பர்ஸைத் தடவிக்கொண்டு நிற்பது மட்டும் நாம்!

எலியிடம் பலித்தது நம்மிடம் ஏன் பலிக்க மாட்டேன் என்கிறது? காரணங்கள் நிறைய. அதில் ஒரு காரணம் பச்சையும் மஞ்சளுமாக, கசப்பாக, நம்முடைய வலது பக்க விலா எலும்புக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. பித்தம்!

பித்தத்தைப் பற்றி எழுத எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு முழு உரிமை உண்டு. உளுந்தூர்பேட்டை பக்கத்தில் இருக்கும் திருநாவலூர்தான் சுந்தரர் பிறந்த ஊர். கல்யாணத்தன்று வந்து வழக்குப் போட்ட கிழவரைப் 'பித்தன்' என்று திட்டிவிட்டு, பிறகு அந்தத் திட்டையே தன் பாட்டுக்கு முதல் வார்த்தையாக வைத்துக்கொண்டவர். (கேஸ் நடந்த திருவெண்ணெய்நல்லூர் 2019-ல் மாவட்டம் பிரித்தபோது விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. கோர்ட் அவர்களுக்கு, குற்றவாளி எங்களுக்கு!)

என் சொந்தப் பித்தம் மீது எனக்கு அக்கறை வந்தது ஆபீஸில் நடந்த மெடிக்கல் செக்கப்பில். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்' என்று இருந்தது. எங்கள் செக்ஷனில் ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு அதே கிரேடு. பி.காம். பாஸ் பண்ணும்போதுகூட இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை. அன்று சாயந்திரமே பக்கத்து சீட்டு நண்பர் ஒரு பேப்பர் கட்டிங் கொண்டுவந்து கொடுத்தார். ஈரல் கொழுப்பைக் கரைக்கும் புது மருந்து, எலிகளிடம் அபார வெற்றி என்று போட்டிருந்தது. "இன்னும் ரெண்டு வருஷத்துல வந்துடும் சார். அதுவரைக்கும் போண்டாவை நிறுத்த வேண்டாம்" என்றார்.

எனக்குச் சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கிறான். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் சுண்டெலி ஈரலை வெட்டிப் பார்ப்பதுதான் வேலை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவனை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார வைத்துக் கட்டிங்கைக் காட்டினேன். படித்தான். மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தான்.

"அண்ணே, இது எந்த எலி? பெரிய எலியா, சுண்டெலியா?"

"எலின்னா எலிதானேடா?"

"அங்கதான் தப்பு. பெரிய எலிக்குப் பித்தப்பையே கிடையாது. சுண்டெலிக்கு உண்டு."

டீ புரை ஏறிவிட்டது. நெல்லு மூட்டையைக் கடித்துக் குதறும் அந்தப் பெருச்சாளி வகையறாவுக்குப் பித்தப்பை இல்லையா! இல்லைதான். குதிரைக்கும் இல்லை, யானைக்கும் இல்லை, புறாவுக்கும் இல்லையாம். பை இல்லாவிட்டாலும் பித்தம் உண்டு. ஈரலில் ஊறி நேராகக் குடலில் சொட்டிக்கொண்டே இருக்கும். பெரிய எலி எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதால் சேமித்து வைக்க அவசியமில்லை போலிருக்கிறது. நாம் வேளாவேளைக்குச் சாப்பிடுகிற ஜாதி. நமக்கு ஒரு சின்ன டேங்க் தேவைப்படுகிறது.

பித்தம் என்ன செய்கிறது? பாத்திரம் கழுவும் சோப்பு செய்கிற வேலையைத்தான். மட்டன் குழம்பின் கொழுப்பு தண்ணீரோடு ஒட்டாது. அதைத் துளித்துளியாக உடைத்துக் கரைத்துக் கொடுப்பவை பித்த அமிலங்கள். ஈரல் இவற்றைக் கொலஸ்ட்ராலிலிருந்து தயாரிக்கிறது. உபயோகித்த பிறகு தூக்கி எறிவதும் இல்லை. சிறுகுடலின் கடைசியில் 100-க்கு 95 பங்கை உறிஞ்சி மறுபடி ஈரலுக்கே அனுப்பிவிடுகிறது உடம்பு. டீக்கடை கிளாஸ் மாதிரி, அலசி அலசி ஒரே நாளில் பல தடவை!

இந்த அமிலங்களுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் வண்டலூர் ஜூவுக்குள் போன மாதிரி இருக்கும். பன்றிப் பித்தத்தில் கிடைத்தது 'ஹயோகோலிக்'. கிரேக்கத்தில் 'ஹயோ' என்றால் பன்றி. கரடிப் பித்தத்திலிருந்து எடுத்தது 'அர்சோ'. லத்தீனில் கரடி. மனிதனின் ஈரல் சொந்தமாகத் தயாரிப்பவை இரண்டு. ஒன்று வெறும் கோலிக் அமிலம். இன்னொன்று 'கீனோ'. முழுப்பெயர் கீனோடீஆக்சிகோலிக் அமிலம். கீனோ என்றால் வாத்து! முதலில் வாத்தின் பித்தத்தில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். படைப்பின் சிகரமான மனிதனின் ஈரல் ஓடுவது வாத்தின் பெயரில்.

எலிக்கு வருவோம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டாய்சி என்று ஒருவர். வைட்டமின் கே ஆராய்ச்சிக்காக 1943-ம் வருஷத்து நோபல் பரிசு பெற்றவர். அவருடைய குழு 1957-ல் எலிப் பித்தத்தில் இரண்டு புது அமிலங்கள் இருப்பதாக எழுதியது. அதுவரை யாரும் பார்த்திராதவை. பின்னால் இந்த வகைக்கு 'மியூரிகோலிக் அமிலம்' என்று பெயர் வந்தது. லத்தீனில் 'மியூரிஸ்' என்றால் எலியினுடைய. எலிக்கும் சுண்டெலிக்கும் பித்தத்தில் இது தாராளமாக உண்டு. ஆரோக்கியமான பெரிய மனிதரின் பித்தத்தில் தேடினால் உருப்படியாகக் கிடைக்காது.

"நம்ம ஈரல் கீனோ வரைக்கும் செஞ்சிட்டு நிறுத்திடும்ணே. சுண்டெலி நிறுத்தாது. அந்தக் கீனோவைப் பிடிச்சு அதுல இன்னொரு இடத்துல ஆக்சிஜன் கொக்கி மாட்டிவிடும். அதுக்குன்னு ஒரு என்சைம் வெச்சிருக்கு. சிப்-2-சி-70ன்னு பேரு. 2016-லதான் அந்த என்சைமையே அடையாளம் கண்டுபிடிச்சாங்க."

"ஒரு கொக்கிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"கொக்கி மாட்டினதும் சோப்பு சாதுவாயிடும். அது பரவாயில்லை. ஸ்விட்ச்சுதான் பிரச்னை."

இந்த ஸ்விட்ச் விவகாரம் கொஞ்சம் சுவாரஸ்யமானது, பொறுமையாகக் கேளுங்கள். பித்தம் சோப்பு மட்டுமில்லை, தகவலும் கொண்டுபோகிறது. ஈரலிலும் குடலிலும் உள்ள செல்களுக்குள் எஃப்.எக்ஸ்.ஆர். என்று ஒரு ரிசப்டார் இருக்கிறது. 'போதும், சரக்கு நிறைய இருக்கு, பித்தம் தயாரிப்பதைக் குறை' என்று ஈரலுக்குச் சொல்லும் சூப்பர்வைசர் இது. சர்க்கரை, கொழுப்புக் கணக்கிலும் மூக்கை நுழைக்கும். அந்த ஸ்விட்ச்சைப் போடும் விரல் பித்த அமிலம்தான் என்று 1999-ல் மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. இயற்கையான அமிலங்களிலேயே அதைப் பலமாக அழுத்துவது எது தெரியுமா? நம் வாத்து, கீனோ.

எலியின் மியூரிகோலிக் என்ன செய்கிறது? ஸ்விட்ச்சின் மேல் கையை வைத்து யாரும் போடவிடாமல் மறிக்கிறது! இதை 2013-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஒரே ஸ்விட்ச். நம் பித்தம் ஆன் செய்கிறது, எலியின் பித்தத்தில் ஒரு பெரும் பங்கு ஆஃப் செய்கிறது. ஒரு ஆபீஸில் மேனேஜர் 'சரி' என்றால் சரி. பக்கத்து ஆபீஸில் மேனேஜர் 'சரி' என்றால் 'பார்க்கலாம்' என்று அர்த்தம். இங்கே பழகினவனை அங்கே உட்கார வைத்தால் என்ன ஆகும்?

2015-ல் அதுதான் ஆனது. அமெரிக்காவில் ஃப்ராங்க் கொன்சாலஸ் என்பவரின் குழு, எலியின் மியூரிகோலிக் அமிலத்தோடு கிளைசின் என்ற சின்ன வாலை ஒட்டிக் கொழுத்த சுண்டெலிகளுக்குக் கொடுத்தது. குடலில் அந்த ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுகிற மருந்து. எலி இளைத்தது, ஈரல் கொழுப்பு குறைந்தது. பிரமாதம்! அதே 2015-ல் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழு ஃபெக்சரமின் என்ற மருந்தைக் கொடுத்தது. இது அதே குடலில் அதே ஸ்விட்ச்சை ஆன் பண்ணுகிற மருந்து. எலி இளைத்தது. பிரமாதம்!

"ஏண்டா, போட்டாலும் நல்லது, அணைச்சாலும் நல்லதுன்னா அது ஸ்விட்ச்சா, சினிமா அரசியல் கூட்டணியா?"

தம்பி சிரிக்கவில்லை. அவன் பி.எச்டி.யே அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மியூரிகோலிக் அமிலத்தை இப்போது கெமிக்கல் கம்பெனிகள் மில்லிகிராம் கணக்கில் பொட்டலம் கட்டி விற்கின்றன. நகை மாதிரி நிறுத்துத்தான் கொடுப்பார்களாம். யாருக்கும் மருந்தாகக் கொடுக்க இல்லை. எலிக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள அளவுகோலாகவும், ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிப் பார்க்கும் கருவியாகவும் வாங்குகிறார்கள். (பித்தத்தைக் காசு கொடுத்து வாங்குவதா என்று சிரிக்காதீர்கள். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் குழந்தைக்கு வாங்குகிற கோரோசனை, மாட்டின் பித்தப்பையில் விளைந்த கல்தான்.)

சரி, எலியின் பித்தத்தை மனிதப் பித்தம் மாதிரி மாற்றிவிட்டால் தகராறே இல்லையே? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். அந்த சிப்-2-சி-70 ஜீனை எடுத்துவிட்ட சுண்டெலிக்கு மியூரிகோலிக் கிடையாது. கீனோ நிறைந்த, நம்முடையதைப் போன்ற பித்தம். பாவம், எலிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஈரல் புண்ணாகிப் பித்தக் குழாய்கள் கெட்டன, பெண் எலிகளுக்கு முக்கியமாக. 2020-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு அந்த எலிகளைக் காப்பாற்றிக் காட்டியது. எதைக் கொடுத்து? அர்சோ, அதாவது கரடியின் அமிலம். மனிதப் பித்தத்தால் நோய், கரடிப் பித்தத்தால் குணம், நோயாளி எலி! பஞ்சதந்திரம் எழுதினவர்கூட இவ்வளவு தூரம் போகவில்லை.

எலிக்கும் நமக்கும் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். மல்ஹோத்ரா என்ற ரயில்வே டாக்டர் 1968-ல் இந்திய ரயில்வே ஊழியர்களின் பித்தக்கல் கேஸ்களைக் கணக்கெடுத்தார். தெற்கத்தி ஊழியர்களைவிட வடக்கத்தி ஊழியர்களுக்கு ஏழு மடங்கு அதிகம். ஒரே சம்பளம், ஒரே யூனிஃபார்ம், ஒரே ரயில். பித்தம் மட்டும் ஏரியாவுக்கு ஏரியா வேற!

எலியைக் கேவலப்படுத்துவதாக நினைத்துவிடாதீர்கள். நம் தமிழ்நாட்டு எலிகள் சரித்திரம் படைத்தவை. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் 1918-ல் பெரிபெரி நோயை ஆராய ஒற்றை அறையில் ஒரு பிரிவு தொடங்கியது. தலைவர் ராபர்ட் மெக்கரிசன். அதுதான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்கரிசன் 1920-களில் குன்னூரில் ஒரு காரியம் செய்தார். எலிகளைப் பல கோஷ்டிகளாகப் பிரித்து, ஒரு கோஷ்டிக்கு சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு மராத்தியர், ஒன்றுக்கு கூர்க்கா, அப்புறம் கன்னடம், வங்காளம், மதராஸ்... மெஸ் நடத்தினார்!

ரிசல்ட்? கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று வெளுத்துக் கட்டிய சீக்கிய எலி முதல் ரேங்க். நம் மதராஸ் சாப்பாட்டு எலி கடைசி பெஞ்ச். பாலிஷ் போட்ட அரிசியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அது தன் உடம்பைக் கொண்டு காட்டியது. அந்த விஷயத்தில் எலி சொன்ன சாட்சி செல்லும். ஆனால் அதே எலியிடம் எலுமிச்சை பற்றிக் கேட்டால் பொய் சாட்சிதான் வரும். எலியின் ஈரல் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். நமக்கு அந்த யோகம் இல்லை. ஆயுள் முழுக்க ஒரு நெல்லிக்காயைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் அதற்கு ஈறு வீங்காது.

அதனால் தம்பி சொல்வது: எலியிடம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. சிலதில் அது நம் பங்காளி, சிலதில் யாரோ. பித்தத்தில் யாரோ.

நண்பர் கொடுத்த அந்தக் கட்டிங்கின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2002-ல் இத்தாலியில் பெருஜியா நகரத்து ராபர்ட்டோ பெல்லிச்சாரி குழு நம் கீனோவிலேயே சின்ன மாறுதல் செய்து, எஃப்.எக்ஸ்.ஆர். ஸ்விட்ச்சை இன்னும் பலமாக அழுத்தும் ஒபிடிகோலிக் அமிலத்தை உண்டாக்கியது. எலிகளிடம் அமோகம். மனிதர்களுக்குக் கொடுத்தபோது ஈரலுக்குக் கொஞ்சம் நல்லது நடந்தது. கூடவே கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியது, உடம்பெல்லாம் அரிப்பு. (கூண்டில் எலி சொறிந்துகொண்டால் எவன் குறித்து வைப்பான்?) பித்தக்குழாய் சம்பந்தப்பட்ட ஓர் அபூர்வ வியாதிக்கு 2016-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. நம்முடைய கிரேடு ஒன் முற்றினால் வரும் ஈரல் வீக்கத்துக்குக் கேட்டபோது 2020-ல் ஒரு முறை, 2023-ல் ஒரு முறை கைவிரித்தது. முதல் வியாதிக்கே பலன் உறுதியாகவில்லை என்று 2024-ல் ஐரோப்பா அனுமதியைப் பறித்தது. 2025-ல் அமெரிக்க மார்க்கெட்டிலிருந்தும் கம்பெனி வாபஸ் வாங்கிக்கொண்டது. பக்கத்து சீட்டு நண்பரிடம் இதைச் சொன்னேன். கையிலிருந்த போண்டாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பாதியை எனக்குக் கொடுத்தார்.

டீக்கடையிலிருந்து கிளம்பும்போது தம்பி இன்னொன்று சொன்னான். இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது.

2024 ஜூனில் எங்கள் ஊர் கருணாபுரத்தில் நடந்தது நாடு முழுக்கத் தெரியும். மெத்தனால் கலந்த சாராயம். அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஆம்புலன்ஸ் ஓடியது. சாராயம் என்றாலே கல்வராயன் மலையைக் கை காட்டுவது எல்லாருக்கும் பழக்கம். மலையில் வெல்லத்தை ஊறப்போட்டுக் காய்ச்சுகிற சாராயமும் குடியைக் கெடுப்பதுதான். ஆனால் மெத்தனால் ஊறலில் விளைகிற சரக்கில்லை, அது ஃபேக்டரிக் கெமிக்கல்.

"அந்தச் சாராயத்தை எலிக்கு ஊத்தியிருந்தா, அண்ணே, கொஞ்சம் தள்ளாடிட்டு எழுந்து போயிருக்கும்" என்றான்.

மெத்தனால் நேராகக் கொல்வதில்லை. ஈரல் அதை உடைத்து ஃபார்மிக் அமிலமாக்குகிறது. 'ஃபார்மிகா' என்றால் எறும்பு; எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். நம் உடம்பால் அதைச் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. ரத்தம் புளித்து, கண் நரம்பு கருகி, மூச்சு முட்டுகிறது. எலியின் ஈரலில் ஃபோலிக் அமிலத்தின் சரக்கு அதிகம். அது அந்த எறும்பு அமிலத்தை வேகவேகமாகக் கார்பன் டை ஆக்சைடாக்கி மூச்சோடு ஊதிவிடுகிறது. எலியை வைத்து மட்டும் சோதித்திருந்தால் மெத்தனால் அப்படியொன்றும் பெரிய விஷமில்லை என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள். கில்கர், பாட்ஸ் என்ற இரண்டு பேர் 1955-ல் ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான், இந்த விஷம் நம்மையும் குரங்கையும் தாக்குகிற மாதிரி மற்ற பிராணிகளைத் தாக்குவதில்லை என்பது தெளிவானது.

1970-களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் தாமஸ் டெஃப்லி குழுவினர் இதன் மூலத்தைத் தேடிப் பிடித்தார்கள். ஃபோலிக் அமிலம் இல்லாத தீனி போட்டு வளர்த்த எலிக்கு மெத்தனால் கொடுத்தால் நம்மைப் போலவே அதன் ரத்தமும் புளித்துப் போயிற்று. குரங்குக்கு ஃபோலேட் கொடுத்தால் விஷத்தின் வேகம் தணிந்தது. எலிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் எங்கே என்று தெரிந்ததும், அந்த வித்தியாசமே மருந்துச் சீட்டில் ஏறிவிட்டது. மெத்தனால் கேஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தால், ஈரல் மெத்தனாலை உடைக்காமல் தடுக்கிற மருந்து, ரத்தப் புளிப்பைத் தணிக்க சோடா பைகார்பனேட், டயாலிசிஸ், இவற்றோடு ஃபோலினிக் அமிலமும் ஏற்றுவது இப்போது உலகம் முழுக்க வழக்கம்.

எல்லாம் நேரத்தோடு வந்து சேருகிறவர்களுக்குத்தான். கண் இருட்டத் தொடங்கிய பிறகு வந்தவர்களில் சிலருக்கு உயிர் தங்கினாலும் பார்வை திரும்புவதில்லை. குடித்ததிலிருந்து கண் இருட்டும் வரை சாதாரணமாக அரை நாள், சில சமயம் ஒரு நாளைக்கு மேல்கூட அவகாசம் இருக்கும். அந்த நேரத்தில் 'தூங்கி எழுந்தா சரியாப்போயிடும்' என்று பாயை விரித்துப் படுத்தவர்களும் உண்டு.